பூனையின் மடியில் ஒரு கட்டி

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கும் புற்றுநோய் வரும் என்று சொன்னால் நம்மில் பலர் நகைப்பர். “மனிதனுக்கு வருகிற நோயெல்லாம் பூனைக்கு எதற்கு?” என்று கேட்பவரும் உண்டு. உண்மை வேறு. பூனைக்கு வரும் கட்டிகளுள் தோல் கட்டிகள், இரத்தமும் நிணநீரும் சார்ந்த புற்றுகள் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் நிற்பது பால்சுரப்பிக் கட்டியே ஆகும். பெண் பூனைகளுக்கு வரும் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 17 இவ்வகையைச் சேர்ந்தவை. எண்ணிக்கையைவிட அச்சம் தருவது அதன் குணம். நாயின் மடியில் ஒரு கட்டி தோன்றினால் அது தீங்கற்றதாக இருப்பதற்கு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பூனையின் மடியில் தோன்றினாலோ, நூற்றுக்கு 85 முதல் 90 வரை அது புற்றாகவே இருக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் மடியின் அமைப்பு தெரியும். மார்பிலிருந்து தொடை இடுக்கு வரை, இடப்புறம் நான்கும் வலப்புறம் நான்குமாக எட்டுச் சுரப்பிகள் இரு வரிசைகளில் அமைந்துள்ளன. முன்னிரண்டு சுரப்பிகளின் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கிறது. பின்னிரண்டின் நிணநீர் தொடை இடுக்குக் கணுக்களுக்குச் செல்கிறது. ஒரே வரிசையிலுள்ள சுரப்பிகளுக்கிடையே உறுதியான தடுப்பு எதுவும் இல்லை. வாய்க்கால் வழியே நீர் பாய்வதுபோல் நோயும் பாய இவ்வமைப்பு வழிசெய்கிறது. அறுவை மருத்துவர் ஒரு கட்டிக்காக வரிசை முழுவதையும் ஏன் எடுக்கிறார் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கும்.

நோய் எப்படித் தோன்றுகிறது? இதற்கு விடை காணச் சூலகத்தை நோக்க வேண்டும். பெண் பூனை பிறந்த ஆறு மாத அளவில் பருவம் அடைகிறது. கடுவனோடு சேர்ந்தால்தான் பெரும்பாலும் அதன் சூலகம் கருமுட்டையை வெளிவிடும். சேராவிடில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் பருவம் வரும். பகற்பொழுது நீண்டிருக்கும் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதுமே இது நிகழலாம். இரவெல்லாம் கூரைமீது நின்று அழுகுரலில் கத்தி நம் உறக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். ஒவ்வொரு முறையும் சூலகத்து ஹார்மோன்கள் மடியை நோக்கி ஆணை பிறப்பிக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பால் நாளங்களை வளர்க்கிறது. புரொஜெஸ்டெரோன் பால் சுரக்கும் நுண்ணறைகளை வளர்க்கிறது. வளர்ச்சி என்றால் உயிரணுக்கள் பிரிதல். பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏட்டில் பிழை நுழைவது இயல்பு. அப்படிப்பட்ட பிழைகள் ஓர் உயிரணுவில் பல சேர்ந்து, “போதும், நில்” என்ற கட்டளையைக் கேளாத நிலை வரும்போது புற்று பிறக்கிறது.

சூலகத்துக்கும் மார்பகப் புற்றுக்கும் உள்ள இந்தத் தொடர்பை மனிதரிடம் முதலில் மெய்ப்பித்தவர் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். முற்றிய மார்பகப் புற்றால் துன்புற்ற பெண்களுக்குச் சூலகத்தை நீக்கி, கட்டி சுருங்கக் கண்டு, 1896இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அப்போது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை. அவருக்கு வழிகாட்டியது எது தெரியுமா? ஈன்ற பசுவின் சூலகத்தை எடுத்துவிட்டால் அது நெடுநாள் பால் கறக்கும் என்று மாடு வளர்ப்போர் அறிந்திருந்த செய்தி! தொழுவத்திலிருந்து மனித மருத்துவத்துக்கு வந்த அந்த அறிவு இன்று மீண்டும் பூனைக்குப் பயன்படுவது நம் விலங்கியல் துறைக்குப் பெருமை தரும் செய்தியல்லவா?

பயன்படுவது எவ்வாறு? 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, புற்று வந்த பூனைகளையும் வராத பூனைகளையும் ஒப்பிட்டு நோக்கியது. ஆறு மாதத்துக்குள் சூலகம் நீக்கப்பட்ட பூனைகளுக்கு, நீக்கப்படாதவற்றைவிட இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 91 பங்கு குறைந்திருந்தது. ஓர் ஆண்டுக்குள் நீக்கியவற்றுக்கு 86 பங்கு குறைவு. இரண்டாம் ஆண்டில் நீக்கியவற்றுக்குக் கிட்டிய பயன் வெறும் 11 பங்கு. அதன் பிறகு செய்ததில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. இந்த எண்களை ஒரு வரைபடமாகத் தாளில் குறித்துப் பாருங்கள். ஓர் ஆண்டு நிறையும் இடத்தில் கோடு செங்குத்தாகச் சரிவதைக் காண்பீர்கள். நோய் தாக்கும் சராசரி வயதோ 10 முதல் 12. பத்தாண்டு கழித்து வரப்போகும் ஒன்றைத் தடுக்கும் கதவு, குட்டி இன்னும் நூலுருண்டையை உருட்டி விளையாடும் வயதிலேயே சாத்தப்படுகிறது.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு நம்பிக்கை. “ஒரு ஈற்றாவது ஈன்றால்தான் பூனைக்கு உடம்புக்கு நல்லது; பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். பெண்களிடையே இளவயதில் மகப்பேறு மார்பகப் புற்றுக்கு ஓரளவு காப்பாக அமைகிறது என்பது உண்மைதான். கன்னிமாடத்துத் துறவியரிடம் மார்பகப் புற்று மிகுதியாக இருப்பதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்தார். ஆனால் மனிதருக்குப் பொருந்துவது பூனைக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. மேற்சொன்ன ஆய்வில் குட்டி ஈன்றமையால் காப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை. குட்டி ஈன்ற பூனைகள் அந்த ஆய்வில் குறைவாகவே இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எப்படியாயினும், முதல் ஈற்றுக்காகக் காத்திருக்கும் காலம் அந்தப் பொன்னான ஓர் ஆண்டைத் தின்றுவிடுகிறது. இது கணக்குப் பார்த்தால் விளங்கும். நம்பிக்கையோடு வாதாட வேண்டியதில்லை.

இன்னொரு தவறான வழியும் உண்டு. அறுவைக்கு அஞ்சி, பூனை பருவம் அடையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ கொடுப்பது. மெகெஸ்ட்ரால் அசிடேட், மெட்ராக்ஸிபுரொஜெஸ்டெரோன் அசிடேட் போன்ற இம்மருந்துகள் புரொஜெஸ்டெரோனின் செயற்கை உறவினர்கள். சூலகத்தை அடக்குகின்றன, ஆனால் மடிக்கு வளர்ச்சி ஆணையைத் தாமே பிறப்பிக்கின்றன. தொடர்ந்து இவற்றைப் பெறும் பூனைகளுக்குப் பால்சுரப்பிப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. சிறுபான்மையாகக் கடுவன் பூனைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவற்றுள்ளும் பல இவ்வகை மருந்து பெற்றவையே. சயாமியப் பூனைகளுக்கு மற்றவற்றைவிட இரு மடங்கு வாய்ப்பு உண்டு. அதுவும் இளவயதிலேயே வந்துவிடுகிறது. அங்கே மரபுக்கும் பங்கிருப்பது தெளிவு.

இனிக் கட்டியின் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் எடையுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்கள் உள்ளன என்பர். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி முப்பது முறை இரட்டித்தால் 107 கோடி வருகிறது. அதாவது நம் விரலுக்கு ஒரு சுண்டைக்காய் அளவில் தட்டுப்படும் நேரத்தில் அக்கட்டி முப்பது தலைமுறை வாழ்ந்து முடித்திருக்கிறது. நாம் ‘ஆரம்பம்’ என்று நினைப்பது அதன் நடுவயது. 1 செ.மீ. குறுக்களவு 3 செ.மீ. ஆனால் என்னவாகும்? குறுக்களவு மும்மடங்கானால் கன அளவு 27 மடங்காகும். அதற்கு ஐந்து முறைகூட இரட்டிக்க வேண்டியதில்லை. சுண்டைக்காய் ஆவதற்கு முப்பது படி. சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆவதற்கு ஐந்தே படி! (எல்லா உயிரணுவும் ஒரே தாளத்தில் பிரிவதில்லை, சில மடிவதும் உண்டு, ஆயினும் போக்கு இதுதான்.) “சின்னதாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம்” என்ற பேச்சின் விலை இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

அளவு ஏன் அத்தனை முக்கியம் என்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு எழுதியுள்ளனர். அறுவைக்குப் பின் பூனைகள் வாழ்ந்த காலத்தின் நடு எண்ணை – புள்ளியியல் மாணவர்கள் இடைநிலை அளவு என்பார்களே, அதை – எடுத்துக்கொள்வோம். கட்டி 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தபோதே அறுத்து எடுக்கப்பட்ட பூனைகளில் அது மூன்று ஆண்டுகளுக்கு மேல். 2 முதல் 3 செ.மீ. வரை இருந்தவற்றில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். 3 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் நான்கு முதல் பன்னிரண்டு மாதங்களே. ஆய்வுக்கு ஆய்வு எண்கள் சற்று மாறினாலும் படிக்கட்டு இறங்கும் திசை மாறுவதில்லை. பத்து வயதுப் பூனைக்கு மூன்று ஆண்டு என்பது நம் கணக்கில் எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

முற்றிய கட்டி தோலோடும் அடித்தசையோடும் ஒட்டிக்கொள்கிறது. நால்வரில் ஒருவருக்கு என்பதுபோல், நான்கில் ஒரு பூனைக்கு அது உடைந்து புண்ணாகிறது. பூனை அதை ஓயாமல் நக்கும், நாற்றம் எழும். பலரும் மருத்துவரை நாடுவது அந்த நாற்றம் எழுந்த பின்னரே. அதற்குள் சில உயிரணுக்கள் நிணநீர் வழியாகக் கணுக்களையும், இரத்தத்தின் வழியாக நுரையீரலையும் அடைந்திருக்கும். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் கோத்துக்கொண்டால் பூனை மூச்சுக்குத் தவிக்கும். கல்லீரலிலும் இது பரவும். பூனை தன் துன்பத்தை மறைப்பதில் தேர்ந்தது. நோயுற்ற நாய் நம் காலடியில் வந்து முனகும். நோயுற்ற பூனை கட்டிலடியில் ஒதுங்கும். வலியிலும் அது ‘குர்ர்’ என்று உறுமுவதுண்டு. அதைக் கேட்டு நலமாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்த நோயைப் பொறுத்தவரை கண்ணை மூடிக்கொள்பவர் பூனையை வளர்ப்பவர்தான்.

கட்டியைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை பூனை உணவுண்டு சோம்பியிருக்கும் வேளையில் மடியில் இருத்தி, ஒவ்வொரு முலைக்காம்பைச் சுற்றியும் இரு விரல்களால் தோலை மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. மணல் பரல் போலவோ மிளகு போலவோ ஏதேனும் தட்டுப்பட்டால் அன்றே நாட்குறிப்பில் எழுதி, அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் விடுதிச் சமையற்கூடத்தில் தயிர்ச்சோறு தின்று வாழும் ‘ராணி’யிடம் இதை நான் செய்துபார்த்தேன். முதல் நாள் என் மணிக்கட்டில் மூன்று கோடுகள் விழுந்தன. ஒரு வாரம் கருவாட்டுத் துண்டு கொடுத்துப் பழக்கியபின் அதுவே மல்லாந்து படுக்கத் தொடங்கியது. எட்டும் நலமே. ஆனால் ராணிக்கு நாங்கள் அறிய மூன்று ஈற்று ஆகிவிட்டது. அதன் இந்த ஆண்டுக் குட்டிகளுள் இரண்டு பெண்; அவற்றுக்கு இப்போது நான்கு மாதம். விடுதி நண்பர்கள் சில்லறை சேர்த்துவருகிறார்கள் என்பதை இங்கே தெரிவிப்பதில் தவறில்லை.

மடி வீங்கினாலே புற்று என்று அஞ்சி ஓடுவதும் கூடாது. இளம் பூனை ஒன்றுக்குச் சினையுற்ற போதோ, முன்சொன்ன மருந்துகள் கொடுத்த பின்போ, சில வாரங்களுக்குள் பல சுரப்பிகள் ஒருசேரப் பெருத்துத் தொங்குவதுண்டு. பார்க்க மிகக் கொடிதாயிருக்கும். ஆனால் அது புற்று அன்று. புரொஜெஸ்டெரோனுக்கு மடி காட்டும் மிகையான மறுமொழி. மருந்தை நிறுத்தினாலோ, ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தாலோ வற்றிவிடும். கிழப் பூனையின் சிறு கட்டியைப் புறக்கணிப்பதும், இளம் பூனையின் பெருவீக்கத்தைக் கண்டு அதைக் கொன்றுவிட நினைப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

மருத்துவர் என்ன செய்வார்? முதலில் நெஞ்சை எக்ஸ்-ரே எடுத்து நுரையீரலில் பரவியுள்ளதா என்று பார்ப்பார். கட்டியிலிருந்தும் கணுவிலிருந்தும் ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் நோக்குவதுண்டு. பரவவில்லை எனில் அறுவை. கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் அதே வரிசையில் மீண்டும் முளைக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்து நான்கு சுரப்பிகளையும் கணுவோடு சேர்த்து எடுப்பதே முறை. இருபுறமும் எடுக்க வேண்டுமானால் சில வார இடைவெளியில் இரண்டாம் பக்கம். எடுத்த திசுவை நோய்க்குறியியல் வல்லுநர் மூன்று வகையில் எடை போடுவார்: உயிரணுக்கள் இன்னும் குழாய் வடிவில் அமைய முயல்கின்றனவா, உட்கருக்கள் எவ்வளவு சிதைந்துள்ளன, எத்தனை உயிரணுக்கள் பிரியும் நிலையில் உள்ளன என்று. நிணநாளத்துக்குள் புற்றணு நுழைந்திருந்தால் அது தீய அறிகுறி.

இங்கே ஓர் இயல்பான ஐயம் எழும். சூலகம்தானே காரணம்? கட்டி வந்த பின் சூலகத்தை எடுத்தால் கட்டி கரையாதா? பீட்சன் கண்டது அதுதானே? பூனையில் அப்படி நடப்பதில்லை. ஹார்மோனின் ஆணையைக் கேட்க உயிரணுவில் ஏற்பிகள் வேண்டும். பூனையின் முற்றிய பால்சுரப்பிப் புற்றுகளில் பெரும்பாலானவை அந்த ஏற்பிகளை இழந்துவிட்டவை. ஹார்மோனின் தூண்டுதலால் பிறந்த பிள்ளை, வளர்ந்த பின் அதன் சொல்லைக் கேட்பதில்லை. மனிதரிலும் இத்தகைய வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டெரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிக் குறிகளும் இல்லாததால் ‘மும்மை எதிர்மறை’ என்று அழைக்கப்படும் அவ்வகை, பெண்களின் மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்கும். ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் போன்ற மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. மனிதர் வாழும் அதே வீட்டில், அதே காற்றைச் சுவாசித்து, இயல்பாகவே இதையொத்த நோயுறும் பூனையை ஆய்வாளர் கூர்ந்து நோக்குவது இக்காரணம் பற்றியே. சோதனைக்கூடத்து எலிக்கு நோயை நாம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. பூனைக்கோ அது தானே வருகிறது.

அறுவையோடு டாக்சோரூபிசின் என்ற மருந்தும் சில மருத்துவர்களால் கொடுக்கப்படுகிறது. இத்தாலியில் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியின் வழிவந்த செந்நிற மருந்து இது. நாயில் இதயத்தையும் பூனையில் சிறுநீரகத்தையும் இது தாக்கக்கூடும் என்பதால் கவனம் தேவை. எவ்வளவு ஆயுளை இது கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. என் கருத்தில், கையில் குறைந்த பணம் உள்ளவர் அதை விரைவான, முழுமையான அறுவைக்கே செலவிடுவது தக்கது. நம் மாநிலத்தில் 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் சிறு பிராணிகளுக்கு அறுவைப் பிரிவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பூனையைக் கவனிக்கும் முறையில் இரண்டு செய்திகள் மிக முக்கியமானவை. வலி தாளாது என்று நம் பெட்டியிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடக் கூடாது. அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு; இரத்தச் சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பேறி, பூனை இறந்துவிடும். வலிக்கான மருந்தை மருத்துவரே தர வேண்டும். மற்றொன்று, பூனை ஆழ்ந்து உறங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை விலா எழுந்து தாழ்கிறது என்று வாரந்தோறும் எண்ணி எழுதி வர வேண்டும். நலமான பூனைக்கு அது முப்பதுக்குள் இருக்கும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று வந்த கணக்கு முப்பத்தைந்து, நாற்பது என்று ஏறத் தொடங்கினால், பூனை வழக்கம்போல் உண்டுகொண்டிருந்தாலும், அன்றைக்கே நெஞ்சை மறுபடி எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உறையில் நீர் கோத்திருந்தால் ஊசியால் இறக்கி மூச்சை எளிதாக்கலாம். அதுவும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படும் நிலை வந்துவிட்டால், அது துடித்துச் சாகும்வரை காத்திராமல், உறக்க மருந்தால் அமைதியாக முடித்துவைப்பது பற்றி மருத்துவரே பேச்செடுப்பார். அப்போது வீட்டிலுள்ளவர்களில் பூனைக்கு மிகவும் பழகியவர் ஒருவர் உடன் சென்று அதைக் கையில் ஏந்தியிருப்பது நல்லது. புதிய இடத்தில், அறிமுகமில்லாத கைகளில் பூனை பெரிதும் மிரளும்.